அம்மாவுக்கு வந்தது புற்றுதான்

அம்மாவுக்குத் தீட்டு நின்று பல வருஷமாகியிருந்தது. அப்பா காய்ச்சலில் போனதும் அதற்குப் பிறகுதான். அப்படியிருக்க, ஒரு மழைக்காலத்தில் அவள் மறுபடியும் லயத்து வரிசை வீடுகளின் கோடியில் சாக்கை விரித்துத் தனியாக உட்கார்ந்தாள். எங்கள் தேயிலைத் தோட்டத்தில் ஒருத்தி அந்த மூலையில் உட்கார்ந்தால் வாய்விட்டுச் சொல்ல வேண்டியதில்லை. வரிசையிலுள்ள அத்தனை காம்பராவுக்கும் தெரிந்துவிடும்.

முதலில் கேலிதான். "அக்கா மறுபடி குமரியாயிட்டாங்க, பந்தல் போடுங்க," என்றார்கள். அம்மாவும் சிரித்து வைத்தாள். ஆனால் உதிரம் நிற்கவில்லை. கெட்ட வாடையோடு தண்ணீரும் பட ஆரம்பித்தது. இடுப்பு வலியில் கொழுந்துக்கூடையைச் சுமக்க முடியவில்லை. கேலி போய்க் குசுகுசுப்பு வந்தது. தாலி அறுத்தவளுக்கு இவ்வளவு போகிறதென்றால் எதையோ கலைத்திருக்கிறாள் என்றார்கள். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா?

நான் அப்போது கல்யாணமாகி மேட்டு லயத்தில் இருந்தேன். பீலிக்குத் தண்ணீர் எடுக்கப் போனால் பெண்கள் என்னைக் கண்டதும் பேச்சை நிறுத்துவார்கள். மாமியார் காதிலும் விழுந்த அன்று வெட்கத்தில் கூனிக் குறுகிப் போனேன். இருக்குமோ என்று எனக்கே தோன்றியது. அம்மா வீட்டுப் பக்கம் போவதைக் குறைத்துக்கொண்டேன்.

கடைசியில் பெரிய கங்காணி என்னைக் கூப்பிட்டார். "பதுளைக்குக் கூட்டிட்டுப் போ புள்ள. ஆஸ்பத்திரி டாக்டரு பாத்தா உள்ளது தெரிஞ்சிரும்," என்றார். வைத்தியத்துக்கு இல்லை, விசாரணைக்குத்தான் அனுப்பினார். ஆண்பிள்ளை டாக்டர் தொடுவதற்குச் செத்தே போகலாம் என்றிருந்த அம்மா, அந்த விசாரணைக்காகவே மாட்டுவண்டியில் ஏறினாள்.

டாக்டர் கேட்டதற்கெல்லாம் அவள் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான்தான் பதில் சொன்னேன். எப்போதிருந்து, என்ன நிறம், எப்படி வாடை என்று அந்நிய ஆண்பிள்ளையிடம் அம்மாவைப் பற்றிச் சொல்ல எனக்கு உடம்பெல்லாம் கூசியது. நர்ஸ் அம்மாவின் கையைப் பிடித்துக்கொள்ள, அவர் திரைக்குப் பின்னால் சோதித்தார். பிறகு என்னைத் தனியே அழைத்தார். கர்ப்பப்பையின் வாயில் புற்று என்றார். தீட்டு நின்றவளுக்கு மறுபடி உதிரம் கண்டால் உடனே கொண்டுவர வேண்டுமாம். சின்னதாக இருந்தபோதே வந்திருந்தால் கர்ப்பப்பையை எடுத்துப் பார்த்திருக்கலாமாம். இப்போது சுற்றிலும் பரவிவிட்டது, வலிக்கு அபின் கலந்த மருந்துதான் தர முடியும் என்றார்.

திரும்பி வரும்போது வண்டியில் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

"புள்ள கிள்ளன்னு ஒண்ணும் சொல்லலையே?" என்றாள்.

"இல்லம்மா. புத்துன்னுதான் சொன்னாரு."

லயம் வந்ததும் என் கையைத் தள்ளிவிட்டு அவளே இறங்கினாள். இடுப்பைப் பிடித்துக்கொண்டு முதல் காம்பராவிலிருந்து நடந்தாள். ஒவ்வொரு வாசலிலும் நின்று, "எனக்குப் புத்தாம். டாக்டரு சொல்லிட்டாரு," என்றாள். பிள்ளை பிறந்த வீட்டில் சீனி கொடுக்கிறவள்போல முகம் மலர்ந்திருந்தது. கேட்ட பெண்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

சாக்கு விரித்திருந்த கோடியில் நான் நின்றிருந்தேன். கடைசியாக என் முன்னாலும் வந்து நின்றாள்.

"எனக்குப் புத்தாம். டாக்டரு சொல்லிட்டாரு," என்றாள்.

அதை அவளுக்குச் சொன்னவளே நான்.