ஆரஞ்சு மஃப்ளர் கட்டிய கரடி

பிரான்ஸிலிருந்து வந்த பெட்டியைத் திறந்தால் முதலில் ஒரு வாசனை எழும். சோப்பும் காப்பித்தூளும் புது பிளாஸ்டிக்கும் கம்பளித் துணியும் கலந்த அதற்கு எங்கள் உப்பளத்துத் தெருவில் "பிரான்ஸ் வாசன" என்றே பெயர், அது எந்த வீட்டுக் கூடத்திலிருந்து வருகிறதோ அந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு இரண்டு நாளைக்குத் தலைகால் புரியாது. ஆகஸ்டு மாதத்தில் "வக்கான்ஸு"க்கு, அதாவது விடுமுறைக்கு, ஊர் வருகிறவர்கள் தங்கள் பெட்டியோடு மற்றவர்கள் கொடுத்தனுப்பும் பொட்டலங்களையும் சுமந்து வருவார்கள். எங்கள் அப்பா வரமாட்டார், அவருடைய பொட்டலம் மட்டும் வரும். எனக்கு அப்போது ஒன்பது வயது, இரண்டாயிரமாம் ஆண்டு பிறந்து சில ஆண்டுகள் ஆகியிருந்தன, அப்பா பிரான்ஸ் போய் இரண்டு வருடம் முடிந்திருந்தது.

அப்பா போவதற்கு முன் தேங்காய்த்திட்டுத் துறைமுகத்தில் படகுகளுக்கு வண்ணம் அடித்துக்கொண்டிருந்தார். படகின் பெயரை அவர் எழுதினால் ஒவ்வோர் எழுத்துக்கும் வலப்பக்கம் மஞ்சளில் ஒரு மெல்லிய நிழல் விழும். அந்த நிழலைப் பார்த்தே இது யார் கை என்று மீனவர்கள் சொல்லிவிடுவார்கள். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவர், தமிழை எழுத்துக் கூட்டிப் படிப்பார், இங்கிலீஷ் எண்களையும் எழுத்துகளையும் தாளில் பார்த்துப் பிசகாமல் அப்படியே வரைந்துவிடுவார். அவருடைய அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் "சொல்தா"வாக, அதாவது சிப்பாயாக, இருந்தவர் என்பதால் எங்கள் அப்பாவுக்குப் பிறப்பிலேயே பிரெஞ்சுக் குடியுரிமை இருந்தது. பிரெஞ்சு மொழி மட்டும் தெரியாது. வீட்டுக்கு ஏதாவது பிரெஞ்சுக் கடிதம் வந்தால் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு, "கண்ணாடி இல்லாம ஒண்ணும் தெரியல, நோத்தேர்கிட்ட குடுத்துப் படிக்கச் சொல்லிடலாம்" என்று பத்திரம் எழுதுகிற நோத்தேர் ஆபீசுக்கு எடுத்துக்கொண்டு போவார். எங்கள் அப்பா வாழ்நாளில் கண்ணாடி போட்டதே இல்லை என்பது எனக்கு அந்த வயதில் உறைக்கவில்லை.

அவர் அங்கே என்ன வேலை பார்க்கிறார் என்று யார் கேட்டாலும், பக்கத்து வீட்டில் இருந்த அத்தை, அப்பாவின் அக்கா, முந்திக்கொண்டு பதில் சொல்லும். "எந் தம்பி பியூரோவுல இருக்கான், ஆபீசு வேல. செவப்பு பாஸ்போர்ட்டு கையில இருந்தா அங்க நாற்காலி போட்டு ஒக்கார வப்பாங்க." அம்மா அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கொள்வாள். பாரிஸுக்கு வெளியே ஏதோ ஒரு ரயில் நிலையத்தில் அப்பா தரை கழுவுகிறார் என்பது அம்மாவுக்கு மட்டும் தெரியும்.

அந்த வருடம் பிள்ளைகள் எல்லாருக்கும் ஒரே பேச்சு, ஒரு கரடிப் படம். பனிக்காட்டில் வழிதவறிய வெள்ளைக் கரடிக்குட்டி ஒன்று வீடு போய்ச் சேருகிற கதை. வெளிநாட்டுப் படம், கம்ப்யூட்டரில் செய்தது, கரடியின் ஒவ்வொரு முடியும் காற்றில் தனித்தனியாக அசையும் என்று பார்த்தவர்கள் அளந்தார்கள். ஊருக்கு வந்து ஒரு வாரம் ஓடிவிட்டுப் போய்விட்டது, எங்களை அழைத்துப் போக ஆள் இல்லை. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் அப்பாவின் போன் வரும். நான் கேட்டேன். "அப்பா, அந்தக் கரடிப் படம் அனுப்பு. வெள்ளக் கரடி, கழுத்துல மஃப்ளர் கட்டியிருக்கும்." "வெள்ளக் கரடி, கழுத்துல மஃப்ளர்" என்று அவர் ஒருமுறை திருப்பிச் சொன்னார், படகுக்காரர்கள் பெயர் சொல்லும்போது திருப்பிச் சொல்வதைப் போலவே. மஃப்ளர் சிவப்பு என்று நான் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவர் தவறவே விட்டிருக்க மாட்டார், நிறத்தில் அவரை ஏமாற்ற ஒருவரும் பிறக்கவில்லை.

ஆகஸ்டில் பொட்டலம் வந்தது. சோப்புகளுக்கு நடுவில் பளபளவென்று ஒரு டிவிடி, அட்டையில் வெள்ளைக் கரடி, கழுத்தில் மஃப்ளர். நான் தெருவையே கூட்டிவிட்டேன். மாதா திருநாளுக்கு முந்தின நாள், சாயங்காலம், எங்கள் கூடத்தில் பதினைந்து பிள்ளைகளாவது இருந்திருப்போம். எந்த நாட்டு டிஸ்க்கைப் போட்டாலும் முகம் சுளிக்காத ஒரு சைனா பிளேயர் எங்களிடம் இருந்தது. கடைசியாக எதிர்வீட்டு செலின் வந்தாள். பிரெஞ்சுப் பள்ளியில் படிக்கிறவள், வீட்டிலும் பிரெஞ்சு பேசுகிறவர்கள், அவளுக்கென்று ஒரு நாற்காலியை நானே துடைத்துப் போட்டேன்.

படம் ஓடத் தொடங்கிய ஐந்தாவது நிமிடத்தில் ஒரு பையன், "இன்னாடி இது, கரடிக்குக் கால் தரையிலயே படல?" என்றான். படவில்லைதான். கரடி ஒரே இடத்தில் கால்களை ஆட்டிக்கொண்டிருக்க, பின்னால் ஒரு கிளை ஒடிந்த மரம் போய்க்கொண்டே இருந்தது. சற்று நேரத்தில் அதே மரம் மறுபடி வந்தது, மறுபடியும் வந்தது, பிள்ளைகள் சேர்ந்து எண்ண ஆரம்பித்துவிட்டார்கள். பேச்சு முடிந்த பிறகும் வாய் அசைந்தது. தாய்க்கரடி எப்போதும் முதுகைக் காட்டியே பேசியது, வாயை வரையும் வேலை மிச்சம். தகப்பன் கரடிக்கு அந்தச் சலுகைகூட இல்லை, அது ஒரே ஒரு அசையாத படம், மலைக்கு அந்தப் பக்கம் நிற்கும், குரல் மட்டும் வரும். குட்டி இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை "ஜே ஃப்ருவா, ஜே ஃப்ருவா" என்றது. முக்கால் மணி நேரத்தில் படம் முடிந்தே போனது, கரடி வீடு போய்ச் சேர்ந்ததா என்றுகூடக் காட்டவில்லை.

செலின் அட்டையைக் கையில் எடுத்துப் பார்த்தாள். அவள் கெட்டவள் இல்லை, இன்றுவரை அவளை நான் குற்றம் சொல்லமாட்டேன், தெரிந்ததைச் சொன்னாள். "ரோஸி, இது அந்தப் படமே இல்ல. பேரு வேற, கரடியோட மஃப்ளர் பாரு, ஆரஞ்சு. அங்க சூப்பர்மார்க்கெட்டுல கூடையில குவிச்சு வச்சிருப்பாங்க, இது மாதிரி எல்லாப் படத்துக்கும் ஒண்ணு இருக்கும்." பிறகு நிஜமாகவே புரியாமல் கேட்டாள். "இவ்ளோ பெருசா பேரு எழுதியிருக்கே, உங்க அப்பா படிச்சுப் பாக்கலியா?"

கூடம் சிரித்தது. அந்தச் சிரிப்பு என் தோலுக்குள் இறங்கி இரண்டு நாள் எரிந்தது. ஞாயிற்றுக்கிழமை அப்பாவின் போன் வந்தபோது அம்மாவின் கையிலிருந்து அதைப் பிடுங்கினேன். அத்தை பக்கத்தில் நின்றது, பொட்டலம் கொண்டுவந்தவர்களும் காப்பி குடித்துக்கொண்டிருந்தார்கள். ஒன்பது வயதுக் கோபத்துக்கு இடம் பொருள் தெரியாது. நான் கத்தினேன்.

"பொய்க் கரடிய அனுப்பிட்டே! நீ பிரெஞ்சுக்காரன்தானே? செவப்பு பாஸ்போர்ட்டு வச்சிருக்கியே, அட்டையில எழுதியிருக்கறத படிக்கத் தெரியாதா ஒனக்கு?"

போனில் ஒரு ரயில் போகிற சத்தம் வந்தது. அது முழுவதும் போய் முடிந்தது. பிறகு, "தெரியாம எடுத்துட்டேன் கண்ணு. அடுத்த தரம் சரியானத அனுப்பறேன். அம்மாகிட்ட குடு" என்றார்.

காப்பி குடித்துக்கொண்டிருந்தவர்கள் டம்ளரைப் பார்த்தார்கள். அத்தை திரும்பி வீட்டுக்குப் போய்விட்டது. அன்றோடு "பியூரோ" என்ற சொல் அதன் வாயிலிருந்து வரவில்லை. எல்லாரும் போன பிறகு அம்மா என்னை அடிக்கவில்லை, அடித்திருந்தால் தேவலை. "நெல்லக் கொட்டுனா அள்ளிடலாம், சொல்லக் கொட்டுனா அள்ள முடியாதுடி" என்று மட்டும் சொன்னாள். எதைக் கொட்டினேன் என்றே எனக்கு அப்போது விளங்கவில்லை. என் படம் போன துக்கம்தான் எனக்குப் பெரிதாக இருந்தது.

கிறிஸ்துமஸுக்கு யார் கையிலோ இன்னொரு டிவிடி வந்தது. அதே ஆரஞ்சு மஃப்ளர் கரடி, இம்முறை ஓடம் ஒன்றில் உட்கார்ந்திருந்தது. பொய்ப் படத்துக்கு இரண்டாம் பாகம்! அப்பா கடைக்குப் போய், எனக்குப் பிடித்த கரடியை மறுபடி தேடி எடுத்திருக்கிறார், முதல் தடவை என்ன தவறென்று அவருக்கு யாரும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை, திட்டத்தான் செய்தேன். அதைப் பிரிக்காமலே பீரோவுக்குப் பின்னால் தள்ளிவிட்டேன். "படம் பாத்தியா கண்ணு?" என்று போனில் கேட்டார். "ம்" என்றேன். அந்த "ம்" எப்படிப்பட்டது என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. அதற்குப் பிறகு ஒரு வருடத்துக்கும் மேலாக ஞாயிறுதோறும் என்னிடம் அவர் கேட்டதெல்லாம் இரண்டே கேள்விகள்தான், சாப்பிட்டியா, பள்ளிக்கூடம் போனியா. எனக்கு என்ன வேண்டும் என்று கேட்பதை அவர் நிறுத்திக்கொண்டார். நானும் எதுவும் கேட்கவில்லை, ரோஷம்.

அதற்கடுத்த பிப்ரவரியில் அப்பா இறந்துபோனார். ஆறு பேர் தங்கியிருந்த அறையில், வேலை முடிந்து வந்து படுத்தவர் எழுந்திருக்கவில்லை, மாரடைப்பு என்றார்கள். உடலைக் கொண்டுவர வழியில்லை, அம்மாவுக்கு விசா வருவதற்குள் அங்கேயே அடக்கம் செய்துவிட்டார்கள். இங்கே கோயிலில், சவப்பெட்டி வைக்கிற இடத்தில் ஒரு முக்காலி போட்டு அதன்மேல் அவருடைய போட்டோவை வைத்துப் பூசை வைத்தோம். அசையாத ஒரு படம். எனக்கு அந்த நேரத்தில் மலைக்கு அந்தப் பக்கம் நின்ற தகப்பன் கரடிதான் நினைவுக்கு வந்தது, அதற்காக என்னையே வெறுத்தேன்.

ஈஸ்டர் கழிந்து, அவரோடு தங்கியிருந்த அரியாங்குப்பத்துக்காரர் ஒருவர் அப்பாவின் பையைக் கொண்டுவந்தார். இரண்டு சட்டை, ஜெபமாலை, சவரப் பெட்டி, சிவப்புப் பாஸ்போர்ட். அடியில் ஒரு டிவிடி. வெள்ளைக் கரடி, கழுத்தில் சிவப்பு மஃப்ளர். மேல்தாள் பிரிக்கப்படாமல் இருந்தது, அதோடு ஒரு துண்டுத் தாளைச் சேர்த்துக் கட்டி வைத்திருந்தார். படத்தின் பெயர் பிரெஞ்சில் பெரிய எழுத்துகளில் எழுதியிருந்தது. ஒவ்வோர் எழுத்துக்கும் வலப்பக்கம் பென்சிலால் மெல்லிய நிழல்.

அந்த மனிதர் என்னைப் பார்க்காமல் அம்மாவிடம்தான் சொன்னார். "ஒரு நா எங்கிட்ட வந்து, கரடிப் படம் ஒண்ணு, அசல் எதுன்னு தெரியல, பேர எழுதிக் குடுப்பான்னு கேட்டாரு. மூணு வருசம் ஒண்ணா இருந்தும் அன்னிக்குத்தாங்க எனக்கே தெரியும், அவருக்குப் படிக்க வராதுன்னு. மளிகக் கட போர்டுலருந்து எல்லாம் படிச்ச மாதிரியே பேசுவாரு. நான் எழுதிக் குடுத்தத வச்சிக்கினு அவரு அழகா திரும்ப எழுதிக்கினாரு. யார்கிட்டயும் சொல்லிடாதேன்னாரு. ஆகஸ்டுல தானே எடுத்துக்கினு போய் பொண்ணு கையில குடுக்கணும்னாரு."

முழு வாழ்க்கையும் கண்ணாடி இல்லை என்று சொல்லிக் காப்பாற்றிய ஒன்றை, என் கரடிக்காக அறைத்தோழர் ஒருவரிடம் அவிழ்த்துக் காட்டியிருக்கிறார். அம்மா அன்று அழுத அழுகையைப் பூசையில்கூட அழவில்லை. நான் அழவில்லை, எனக்கு அதற்கான உரிமை இருப்பதாகத் தோன்றவில்லை.

இப்போது டிவிடி பிளேயரே ஊரில் இல்லை. ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் டிஸ்க்குகளைப் பாயில் பரப்பி விற்ற கடைகளில் போன் உறை விற்கிறார்கள். எங்கள் சைனா பிளேயரைப் பழைய சாமான்காரனிடம் போட்டபோது முதல் ஆரஞ்சுக் கரடி அதன் வயிற்றுக்குள்ளேயே போய்விட்டது, வீட்டுக்கு வந்து சேர்ந்த பிறகுதான் நினைவு வந்தது, ஓடிப் பார்த்தேன், வண்டியைக் காணோம். அதன் அட்டையும், பீரோவுக்குப் பின்னால் தள்ளிய இரண்டாம் பாகமும் எப்போதோ தொலைந்துவிட்டதால் பெயர் தெரியாத அந்தப் படத்தைப் போனில் எத்தனையோ தடவை தேடிவிட்டேன், கிடைக்கவில்லை, யாரும் அதைச் சேமித்து வைக்கத் தகுந்ததாக நினைக்கவில்லை போலிருக்கிறது. சிவப்பு மஃப்ளர் படம் எங்கும் கிடைக்கிறது. ஒருமுறை பார்க்க உட்கார்ந்தேன். அதில் தகப்பன் கரடி பனியில் ஓடி வருகிறது, முடியெல்லாம் அசைகிறது. அந்த இடத்தில் நிறுத்திவிட்டேன். அப்பா வாங்கிய டிவிடி பிரிக்கப்படாமலே பாஸ்போர்ட்டோடு பீரோவில் இருக்கிறது.

பிடிவாதமாகப் பிரெஞ்சு படித்தேன். கரடிக்குட்டி சொன்ன "ஜே ஃப்ருவா" என்றால் "எனக்குக் குளிருது" என்று முதல் வாரத்திலேயே சொல்லிக்கொடுத்தார்கள், அன்று வகுப்பிலிருந்து எழுந்து வெளியே வந்துவிட்டேன். இன்று ஒரு நோத்தேர் ஆபீசில்தான் வேலை, பிரெஞ்சுக் குடியுரிமைக்காரர்களுக்கு வரும் கடிதங்களைப் படித்துச் சொல்லிப் பதில் எழுதித் தருவது. போன வாரம் தலை நரைத்த ஒருவர், சின்னப் பேத்தியைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார். கடிதத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். "கண்ணாடிய வூட்டுலயே வச்சிட்டு வந்துட்டேம்மா, நீயே படியேன்" என்றார். பேத்தி அவரை நிமிர்ந்து பார்த்து, "தாத்தா, ஒனக்கு ஏது கண்ணாடி?" என்று கேட்க வாயெடுத்தாள்.

"எனக்கும் இந்த எழுத்து சரியா தெரியறதில்ல ஐயா, ரொம்பப் பொடிசா அடிச்சிடறாங்க" என்று நான் முந்திக்கொண்டு சொல்லிவிட்டு, கடிதத்தை வாங்கி முதல் வரியிலிருந்து மெதுவாகப் படித்தேன்.