என் சம்பளத்தால் நின்ற வீட்டுக் கடன்

நான் தினமும் காலையில் ஒரு கிராமத்தில் எழுந்து, நகரத்துக்கு நடந்து போய், திரும்பக் கிராமத்துக்கு வந்து காப்பி குடிக்கிறேன். நடுவில் ஒரு தார் ரோடு இருக்கிறது, அவ்வளவுதான். ரோட்டுக்கு இரண்டு பக்கமும் ஒரே மாதிரி பலகை வீடுகள், ஒரே குழாய்த் தண்ணீர். ஆனால் அமெரிக்க அரசாங்கத்தின் வரைபடத்தில் அந்தப் பக்கம் வண்ணம் தீட்டியிருக்கிறது, அது நகரம். இந்தப் பக்கம் வெறுமையாக விட்டிருக்கிறார்கள், இது கிராமம். ஊரில் இருந்து இதைப் படிக்கிறவர்கள் மாட்டுத் தொழுவத்தை நினைத்துக்கொள்ள வேண்டாம். எங்கள் கிராமத்து ரோடு தூத்துக்குடிப் பக்கத்துச் சாகுபுரம் கம்பெனிக் காலனி ரோடு மாதிரி துடைத்து வைத்தது போல இருக்கும். பெட்ரோல் பங்க் இருக்கிறது. என் மகள் செல்வி நர்சாக வேலை பார்க்கும் ஆஸ்பத்திரி இருக்கிறது. இருந்தாலும் கிராமம்தான், நான் வாதாடிப் பார்த்துவிட்டேன்.

கிராமம் என்று சொல்வதில் ஒரு லாபம் உண்டு. கவுண்டி என்று ஒன்று இருக்கிறது, நம்ம ஊர் மாவட்டம் மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். அதில் வெறுமையாக விட்ட பகுதியில் வீடு வாங்கினால், வாங்குகிறவனுக்காக அரசாங்கமே பேங்கிடம் ஜாமீன் நிற்கிறது. கையிலிருந்து முன்பணம் போட வேண்டாம். செல்விக்கும் மருமகன் பிரபாகருக்கும் அதுதான் ஒரே வழி. குடியிருந்த வாடகை வீட்டை விற்கப்போவதாக வீட்டுக்காரர் சொல்லிவிட்டார். பள்ளிக்கூடம் லீவு விடுவதற்குள் காலி செய்ய வேண்டும். ஊரில் வாடகைக்கு வேறு வீடு இல்லை. இந்தக் கடன் கிடைக்காவிட்டால் பேரப்பிள்ளைகள் இருவரையும் வேறு ஊர்ப் பள்ளிக்கூடத்தில் சேர்க்க வேண்டும், அவளும் ஆஸ்பத்திரி மாற வேண்டும்.

என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். நான் அஞ்சாம் வகுப்பு. தூத்துக்குடி துறைமுகத்தில் கப்பல் சரக்கைக் கம்பிவடம் போட்டுக் கட்டும் வேலையில் சேர்ந்தேன். நான் கட்டிய சரக்கு நடுக்கடலில் ஒரு சாண் நகர்ந்ததாக எந்தக் கப்பலிலிருந்தும் புகார் வந்ததில்லை. பிறகு உப்பு ஏற்றும் லாரி வாங்கினேன், ஒன்று மூன்றானது. மூன்று மாடி வீடு கட்டினேன். மகளை நர்சிங் படிக்க வைத்தேன். என் மனைவி இறந்த பிறகுதான் மகள் கூப்பிட்டு இங்கே வந்தேன். வந்தவன் சும்மா இருக்கவில்லை. மாட்டுத் தீவனம் விற்கும் கடையில் மூட்டை அடுக்கும் வேலைக்குச் சேர்ந்தேன். ஒரு வாரத்தில் முதலாளி கார்ல் என் அடுக்கைச் செல்போனில் படம் பிடித்துக்கொண்டார். சம்பளம் வந்த அன்றே அரிசி, பருப்பு, பால் எல்லாம் என் காசில் வாங்கிப் போட்டேன். மகளைக் கட்டிக்கொடுத்த வீட்டில் உட்கார்ந்து சாப்பிட்டான் என்று எவனும் என்னைச் சொல்லக் கூடாது. அறுபத்தாறு வயதிலும் அதில் நான் கறார்.

கடன் ஆபீசுக்குப் போகும் நாளில் நானும் வருவேன் என்றேன். முதல் லாரிக்குக் கடன் கேட்டு நான் பேங்குக்குத் தனியாகப் போன மூன்று தடவையும் மேனேஜர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. நாலாவது தடவை உப்பு வியாபாரி அண்ணாச்சி ஒருத்தர் கூட வந்தார். வெள்ளை வேட்டி, கையில் மோதிரம். எதிரில் உட்கார்ந்து, "நம்ம பையன்தான். நான் இருக்கேன்லா, குடுங்க" என்றார். காப்பி வந்தது, கடனும் வந்தது. அன்று படித்த பாடம் எனக்கு எந்தப் படிப்பிலும் கிடைத்திருக்காது. பக்கத்தில் ஒரு கனமான ஆள் உட்கார வேண்டும். என் மகளுக்கு அந்த ஆள் நான்தான்.

வெள்ளைச் சட்டை போட்டு, சம்பளச் சீட்டுகளையும் ஊர் வீட்டுப் பத்திரத்தையும் லாரி போட்டோக்களையும் ஒரு பையில் எடுத்துக்கொண்டேன்.

"எப்பா, அதெல்லாம் எதுக்கு எடுத்துட்டு வாரீங்க? அவங்க ஒண்ணும் கேக்கலையே" என்றாள் செல்வி.

"ஏளா, கேக்காமலே காட்டணும். அப்பதான் மதிப்பான்."

ஆபீசில் இருந்த அம்மாள் சிரித்த முகம். வீட்டில் எத்தனை பேர் என்று கேட்டார். ஐந்து பேர் என்றாள் செல்வி. விண்ணப்பம் எழுதிய சமயத்தில் நான் வேலையில் சேர்ந்திருக்கவில்லை, அதனால் என் வருமானத்துக்கான கட்டம் காலியாக இருந்தது. உங்கள் தகப்பனார் வேலை பார்க்கிறாரா என்று கேட்டார் அந்த அம்மாள். செல்வி வாயைத் திறப்பதற்குள் நான் "யெஸ் மேடம்" என்று பையைக் கவிழ்த்தேன். சம்பளச் சீட்டுகளை வரிசையாக அடுக்கினேன். வேறு வீடு உண்டா என்றார். பத்திரத்தை விரித்தேன். அங்கிருந்து இங்கே தினமும் வேலைக்கு வந்து போக முடியுமா என்று கேட்டார். இரண்டு விமானம் மாற வேண்டும் என்றேன். அதையும் எழுதிக்கொண்டு, ஊர் வீட்டால் பாதகமில்லை என்றார். லாரி போட்டோவைப் பார்த்து, வெரி நைஸ் என்றார். பிறகு என் சம்பளத்தைக் கூட்டினார். கூட்டியவர் சிரிப்பதை நிறுத்திவிட்டார்.

இந்தக் கடன் நடுத்தர வருமானத்துக்காரர்களுக்கு. அதற்கு ஒரு கோடு போட்டிருக்கிறார்கள். வீட்டில் இருக்கிற பெரியவர்கள் எல்லாருடைய சம்பளத்தையும் கூட்டி, கோட்டுக்குக் கீழே இருந்தால்தான் வீடு. மகளும் மருமகனும் கோட்டுக்குக் கொஞ்சம் கீழே இருந்தார்கள். என் மூட்டைகள் அவர்களை மேலே தூக்கி வைத்துவிட்டன. நிலைமை மாறினால் தெரிவியுங்கள் என்று சொல்லி அந்த அம்மாள் என் சீட்டுகளை ஓரம் சேர்த்துத் திருப்பித் தந்தார்.

திரும்பும்போது காரில் பிரபாகர்தான் ஆரம்பித்தார்.

"மாமா வேற இடத்துல தங்கியிருக்காங்கன்னு எழுதிக் குடுத்துருவோமா?"

"பொய் எழுத மாட்டேன்" என்றாள் செல்வி. "அப்பா நம்ம கூடத்தான் இருக்காங்க. நம்ம கூடத்தான் இருப்பாங்க."

"அப்ப வீடு?"

"வேற ஊரு பாப்போம். எப்பா, நீங்க வேலைய விடுதேன்னு மட்டும் சொல்லிராதீங்க. நான் கேக்க மாட்டேன்."

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். நாற்பது வருஷம் சம்பாதித்தவன் நான். என் சம்பாத்தியம் ஒருவருக்கு இடைஞ்சல் என்று கேட்பது அன்றுதான் முதல் தடவை. மூன்று நாள் யோசித்தேன். வேலையை விட்டால் நான் மகள் சோற்றில் இருக்கிறவன். விடாவிட்டால் மகளை ஊரை விட்டுத் துரத்தினவன். இரண்டில் எது கேவலம் என்று யாரிடமும் கேட்கவில்லை, கேட்டு நடந்து பழக்கமில்லை.

நாலாம் நாள் கார்லிடம் போய் வேலையிலிருந்து நின்றுகொள்வதாகச் சொன்னேன். உடம்புக்கு ஆகவில்லையா என்றார். இல்லை, வீடு வாங்குகிறோம் என்றேன். அதற்குத்தானே சம்பளம் வேண்டும் என்று கேட்டார். இந்த நாட்டுக்காரர் அவர், நானா அவருக்கு விளக்குவது? மூட்டை அடுக்குவதற்கு இரண்டு சூட்சுமம் சொல்லிக் கொடுத்துவிட்டு வந்தேன். கார்ல் தந்த கடிதத்தைச் செல்வியின் சாப்பாட்டு மேசையில் வைத்தேன். அவள் வாசித்துவிட்டு, "யாரைக் கேட்டு விட்டீங்க?" என்றாள். "உன்னைப் பள்ளிக்கூடத்துல சேக்கும்போதும் யாரையும் கேக்கல" என்றேன். அவள் அடுப்பைப் பார்க்கத் திரும்பிவிட்டாள். அடுப்பில் ஒன்றும் இல்லை.

கடன் கிடைத்தது. பத்திரத்தில் மகள் பெயரும் மருமகன் பெயரும். ஆபீஸ் தாளில் குடியிருப்போர் ஐந்து பேர், அதில் ஐந்தாவது வரி நான். வருமானம் பூஜ்யம். தூத்துக்குடியில் ரேஷன் கார்டில் இன்றைக்கும் நான்தான் குடும்பத் தலைவர், அந்த வீட்டில்தான் குடும்பம் இல்லை. பூட்டியிருக்கிறது.

குடிபோன மறுநாள் எதிர்வீட்டு மனிதர் ஆப்பிள் வைத்துச் சுட்ட பலகாரம் ஒன்றைத் தட்டில் கொண்டுவந்தார். இங்கே அது முறையாம். வாசலில் நான் மட்டும் நின்றேன். வீட்டு ஓனர் நீங்களா என்று கேட்டார்.

"ஓனர்தான். இந்த வீட்டுக்கில்லை, வேறு வீட்டுக்கு" என்று எனக்குத் தெரிந்த இங்கிலீசில் சொன்னேன்.

அது எங்கே இருக்கிறது என்றார். கிழக்கே கையைக் காட்டினேன். அவர் திரும்பிப் பார்த்தார். அந்தத் திசையில் சோளக்காட்டுக்கு அப்பால் சிவப்பு வர்ணம் அடித்த வைக்கோல் கொட்டகை ஒன்றுதான் இருந்தது. அதையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, நல்ல உறுதியான கட்டடம் என்றார்.

"நானே கட்டினது" என்று சொல்லித் தட்டை வாங்கிக்கொண்டேன்.