மூன்றாம் வரிசைக்குக் காற்று ஆகாது

இதைக் கேட்டுவிட்டு "வெயில் தலைக்கு ஏறியிருக்கும்" என்று சிரித்தவர்களோடு நான் பேசுவதையே நிறுத்திவிட்டேன். அவர்களில் என் சொந்த அண்ணனும் ஒருவன். நடந்தது பட்டப்பகலில். முன்னாலும் பின்னாலும் கண்ணுக்கெட்டிய தூரம் கார்கள் நின்றன. நான் குடித்திருக்கவில்லை, தூக்கக் கலக்கத்திலும் இல்லை. என் மகளின் கழுத்தில் இருந்த தடத்தை நேரில் பார்த்த யாரும் சிரிக்கவில்லை.

என் பெயர் துன்யா. நாங்கள் கிரேக்கத்துக்கு வடக்கே உள்ள நீஷ் நகரத்துக்காரர்கள். போன ஜூலையில் என் கணவர் வேலிமிர் ஒரு பழைய ஏழு இருக்கை வண்டியை வாங்கி வந்தார். ஆஸ்திரியாவில் ஓடிய வண்டி. வாங்கிய நாளிலிருந்து வீட்டுக்கு வந்தவர்களையெல்லாம் பிடித்து உட்காரவைத்து அதன் பெருமையைக் காட்டினார். கடைசி வரிசை இருக்கைகள் ஒரு நாடாவை இழுத்தால் தரைக்குள் மடங்கிப் படுத்துக்கொள்ளும். நடு வரிசையில் கால் வைக்கும் இடத்துக்குக் கீழே மூடி போட்ட பெட்டிகள். ஜன்னல்களில் கீழிருந்து மேலே இழுக்கிற வெயில் திரை. ஒவ்வொரு வரிசைக்கும் கூரையில் தனித்தனி ஏ.சி. வென்ட், திறக்கவும் மூடவும் சின்னச் சக்கரம். டேஷ்போர்டில் ஏழு இருக்கைகளின் படம். யார் பெல்ட் போட்டாலும் அந்த இருக்கை பச்சையாக எரியும்.

கடைசி வரிசை இடதுபக்க வென்ட்டைச் சுற்றி மட்டும் பிளாஸ்டிக் கீறிக் கிடந்தது. மெல்லிய, நெருக்கமான கீறல்கள்.

"முன்னாடி வெச்சிருந்தவன் வீட்டுப் பிள்ளைங்க வேலையா இருக்கும்" என்றார் வேலிமிர்.

நானும் அப்படித்தான் நினைத்தேன்.

எங்கள் ஊர்க்காரர்களுக்கு ஒரு பயம் உண்டு. குறுக்குக் காற்று. ப்ரொமாயா என்போம். கழுத்து பிடித்துக்கொண்டால் அதனால்தான், பல் வலித்தால் அதனால்தான், நன்றாக இருந்த ஆள் திடீரென்று செத்தாலும் அதனால்தான். கொளுத்தும் ஆகஸ்ட்டில் பஸ்ஸில் ஒருவர் ஜன்னலைத் திறந்து பார்க்கட்டும், மொத்த பஸ்ஸும் அவர்மேல் பாயும். இந்தப் பயத்துக்கு ஒரு தலைவி உண்டென்றால் அது என் நாத்தனார் ஸ்தானா. வேலிமிருக்கு அக்கா. கிரேக்கக் கடற்கரைக்கு நாங்கள் விடுமுறைக்குக் கிளம்பியபோது அவளும் கூட வந்தாள். நான் கூப்பிடவில்லை.

என் மகள் இஸ்க்ராவுக்கு ஆறு வயது. அவள் அத்தைக்கு நேர் எதிர். காற்று வேண்டும் அவளுக்கு. குளிர்காலத்தில்கூடப் போர்வையை உதைத்துவிட்டுத் தூங்குவாள். கடைசி வரிசையில் வலப்பக்கம்தான் உட்காருவேன், அது என் அறை என்று அடம்பிடித்தாள். இடப்பக்க இருக்கையைத் தரைக்குள் மடக்கிவிட்டு அதன்மேல் பெரிய பெட்டியை வைத்தோம். நடு வரிசையில் ஸ்தானா, அவளோடு பொரித்த கோழியும் சீஸ் அப்பமும் நிறைந்த பை.

மிளகாய் விழுது பாட்டில்களை வைப்பதற்காகத் தரைப்பெட்டியின் மூடியைத் தூக்கினேன். உள்ளே ஒரு சாம்பல் நிறக் கம்பளிக் கழுத்துத் துண்டு. பாச்சா உருண்டை நாற்றம். தொட்டதும் கையை எடுத்துவிட்டேன். அந்த வெயிலில் அது ஈரத்துணி போல ஜில்லென்று இருந்தது. வழியில் பெட்ரோல் பங்க்கின் குப்பைத் தொட்டியில் நானே போட்டேன். என் கையால் போட்டேன். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

வ்ரான்யே ஊரைத் தாண்டியதும் முதல் தகராறு.

"அம்மா, காத்தே வரல."

திரும்பிப் பார்த்தேன். கடைசி வரிசை வென்ட்டுகள் மூடியிருந்தன.

"அண்ணி, கொழந்தைக்கு வேர்க்குது. அதை ஏன் மூடுறீங்க?"

"நான் எங்கடி மூடுனேன்? நான் என் வென்ட்ட மூடுனேன். என் கழுத்து, என் இஷ்டம்."

"பின்னாடி உள்ளது தானா மூடிக்குமா?"

"என்னையக் கேட்டா? உன் புருஷன் வாங்குன ஓட்டை வண்டியக் கேளு."

வேலிமிர் சாலையைப் பார்த்தபடி ஓட்டினார். அக்காவும் மனைவியும் மோதினால் அவருக்குக் காது கேட்காது. நான் முன் இருக்கையிலிருந்து நடு வரிசைக்குத் தாவிப் போய், பின்னால் எக்கி வென்ட்டைத் திறந்தேன். கொஞ்ச நேரத்தில் டேஷ்போர்டிலிருந்து ஒரு சத்தம்.

டிங்.

இருக்கைப் படத்தில் கடைசி வரிசை வலப்பக்கம் பச்சை. அது இஸ்க்ரா. இடப்பக்கமும் பச்சை.

அந்த இருக்கை தரைக்குள் மடங்கிக் கிடந்தது. அதன்மேல் எங்கள் பெட்டி.

"சென்சார் கோளாறு" என்றார் வேலிமிர். "பழைய வண்டின்னா அப்படித்தான்."

வென்ட் மறுபடி மூடியிருந்தது. நான் மறுபடி திறந்தேன். ஸ்தானாவைப் பார்த்து முறைத்தேன். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு கோழிக்காலைக் கடித்தாள். கிரேக்க எல்லை வரும்வரை இதே கூத்து. ஒவ்வொரு தடவையும் நான் அவள்தான் என்று நம்பினேன். அவளைத் தெரிந்த யாரும் அப்படித்தான் நம்பியிருப்பார்கள்.

எல்லையில் வண்டிகள் அசையவே இல்லை. வெயில் தார்ச்சாலையை உருக்கிக்கொண்டிருந்தது. இஸ்க்ரா பின்னால் தூங்கிப்போயிருந்தாள். எஞ்சினையும் ஏ.சி.யையும் ஓடவிட்டு, முன்னால் என்ன நிலவரம் என்று பார்க்க வேலிமிர் இறங்கிப் போனார். சாவி வண்டியிலேயே இருந்தது.

அப்போது நடு வரிசை வென்ட்டும் மூடியது. என் கண்முன்னே. ஸ்தானாவின் இரண்டு கைகளும் மடியில் இருந்தன... ஆனால் எனக்கிருந்த கோபத்தில் நான் அந்தக் கைகளைப் பார்க்கவில்லை. பார்த்தேன், ஆனால் பார்க்கவில்லை.

"எறங்குங்க அண்ணி. வெளியில வெச்சுப் பேசிக்கலாம். கொழந்த தூங்குது."

"வாடி. நானும் காலையிலேருந்து பொறுத்துப் பொறுத்துப் பாக்குறேன்."

இறங்கினோம். கதவுகளைச் சாத்தினோம். நின்று நன்றாகவே கத்திக்கொண்டோம். அவள் என் சமையலை இழுத்தாள், நான் அவளை விட்டுப்போன புருஷனை இழுத்தேன். பக்கத்து வண்டிக்காரர்கள் வேடிக்கை பார்த்தார்கள்.

க்ளக்.

பூட்டு விழுந்த சத்தம். எல்லாக் கதவுகளும் ஒரே நேரத்தில்.

நான் கைப்பிடியை இழுத்தேன். திறக்கவில்லை. அடுத்த கதவு. திறக்கவில்லை. பின்கதவு. அதுவும் இல்லை.

உள்ளே ஏ.சி.யின் இரைச்சல் மெல்ல இறங்கியது... இறங்கியது... நின்றது. எஞ்சின் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

"இஸ்க்ரா! எழுந்திரு கண்ணு! பூட்டத் திற!"

கண்ணாடியில் முகத்தை ஒட்டிப் பார்த்தேன். முன் வரிசை வென்ட்டின் சக்கரம் சுழன்றது. யாரும் தொடாமல். மெதுவாக. மூடியது.

அடுத்தது. மூடியது.

அடுத்தது.

பிறகு வெயில் திரை. அதை மேலே இழுத்துக் கொக்கியில் மாட்ட வேண்டும், தானாக ஏறாது. நடு ஜன்னலின் திரை ஏறியது. சர்ர்ர்... கொக்கியில் மாட்டிக்கொண்டது. எதிர்ப்பக்கத் திரையும் ஏறியது.

ஸ்தானா வாய்மேல் கைவைத்தாள்.

"துன்யா... உள்ளே யாருடி?"

நான் கண்ணாடியிலிருந்து முகத்தை எடுக்கவில்லை. திரையின் ஓரத்து இடுக்கு வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். மடங்கிக் கிடந்த இருக்கை நிமிர்ந்திருந்தது. எங்கள் பெரிய பெட்டி நடு வரிசைக்கு வந்து கவிழ்ந்து கிடந்தது. நிமிர்ந்த இருக்கையின் குறுக்கே பெல்ட்.

இறுக்கமாக. எதையோ கட்டியது போல.

பெல்ட்டுக்குள் யாரும் இல்லை.

என் மகளின் முகம் சிவந்திருந்தது. வாய் திறந்திருந்தது. கழுத்தைச் சுற்றிச் சாம்பல் நிறத்தில் ஒன்று...

கம்பளித் துண்டு.

நான் குப்பையில் போட்ட துண்டு.

அது இறுகிக்கொண்டிருந்தது.

அலறினேன். கையால் கண்ணாடியை அடித்தேன். அடித்தேன். முன் வண்டிக்காரர் ஜாக்கியோடு ஓடிவந்தார். அவர் கையிலிருந்து அதைப் பிடுங்கியது ஸ்தானா. ஆகஸ்ட்டில் ஜன்னலை ஒரு விரல் திறக்கவிடாத ஸ்தானா.

ஒரே அடி.

உள்ளே அடைத்திருந்த அனல் எங்கள் முகத்தில் வந்து அடித்தது. அந்தக் கனத்த உடம்போடு அவள் உடைந்த ஜன்னல் வழியே உள்ளே புகுந்தாள். கண்ணாடி அவள் வயிற்றைக் கிழித்தது. நிற்கவில்லை. பெட்டியின் மேல் ஏறி, கையை நீட்டி...

"விடு! விடுடி, முண்ட! விடு பிள்ளைய!"

யாரை அப்படித் திட்டினாள்? எனக்குத் தெரியவில்லை. எனக்குத் தெரிந்தவரை உள்ளே இஸ்க்ராவைத் தவிர யாரும் இல்லை.

ஜன்னல் வழியாக மகளை என் கையில் தந்தாள். துண்டில் முடிச்சு போட்டிருந்தது. பல்லால் கடித்து அவிழ்த்தேன். இஸ்க்ரா ஒருமுறை இருமினாள். பிறகு மூச்சு வந்தது. நான் சாலையிலேயே உட்கார்ந்து அழுதேன். ஸ்தானா ரத்தத்தோடு என் பக்கத்தில் உட்கார்ந்து, தன் மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள்.

"ஐஸ் மாதிரி இருந்துச்சு" என்றாள். "என் கையப் புடிச்சுது துன்யா. உள்ளே அடுப்பு மாதிரி கொதிக்குது... அந்தக் கை மட்டும் ஐஸ்."

அன்றிலிருந்து நான் அவளோடு சண்டை போட்டதில்லை.

கடலும் வேண்டாம் எதுவும் வேண்டாம் என்று திரும்பிவிட்டோம். இஸ்க்ரா மருத்துவமனையில் ஒரு வாரம் இருந்தாள். நான் வண்டி விற்றவனைத் தேடிப் போனேன். அவன் மழுப்பினான். நான் கடை வாசலில் நின்று கத்தியதில், முன்பு வண்டி வைத்திருந்தவர்களின் ஊரைச் சொன்னான். யாகோதினா பக்கம் ஒரு கிராமம். அங்கே ராட்மிலா என்ற பெண் கதவைத் திறந்தாள். வண்டியின் பெயரைச் சொன்னதும் மறுபடி சாத்தப் பார்த்தாள். நான் காலைக் குறுக்கே வைத்தேன்.

"என் பொண்ணு கழுத்தப் பாத்துட்டு அப்புறம் சாத்துங்க" என்று மொபைலில் படத்தைக் காட்டினேன்.

பார்த்தாள். அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள்.

"எங்க அத்தை" என்றாள். "பெர்சா. என் புருஷனோட அம்மா. ஆஸ்திரியாவுல லின்ஸ் ஊர்ல எங்களோட இருந்தாங்க. ஒரு நாள் காலையில எழுந்திருக்கல. ஒடம்பு சில்லுன்னு இருந்துச்சு. பொணத்த ஊருக்குக் கொண்டுவர எத்தன காகிதம், எத்தன கையெழுத்துன்னு உங்களுக்கே தெரியும். எங்க ஊர்க்காரங்க சில பேரு செஞ்சததான் நாங்களும் செஞ்சோம்."

"என்ன செஞ்சீங்க?"

"தூங்குற மாதிரி உக்கார வெச்சோம். கறுப்புக் கண்ணாடி போட்டு, கை உள்ளே இருக்கிற மாதிரி போர்வையச் சுத்தி, மேல பெல்ட் போட்டோம். கடைசி வரிசை, இடது பக்கம். ஒடம்பு கெட்டுடக் கூடாதுன்னு ஏ.சி.ய முழுசா வெச்சு, எல்லா வென்ட்டையும் அவங்க பக்கம் திருப்புனோம்." அவள் தன் கழுத்தைத் தடவிக்கொண்டாள். "அவங்களுக்குக் காத்துன்னாலே ஆகாது. வாழ்நாள் பூரா கழுத்துல துண்டு இல்லாம வாசல் தாண்டுனதில்ல. அந்தத் துண்டையும் நாந்தான் உருவிக் கீழப் பெட்டியில போட்டேன். கழுத்துக்குக் குளிர் படணும்னு..."

"எல்லையில யாரும் கேக்கலையா?"

"கிழவி தூங்குறான்னு விட்டுட்டாங்க. மறுநாள் சாயங்காலம் வீடு வந்து சேந்தோம். எங்க ஊர் டாக்டர் வந்தாரு. தொட்டுப் பாத்தாரு. எப்போ செத்தாங்கன்னு கேட்டாரு. நேத்துக் காலையிலன்னு சொன்னோம்."

அவள் என் மொபைலில் இருந்த படத்தை மறுபடி பார்த்தாள்.

"என்னையும் என் புருஷனையும் மாறி மாறிப் பாத்தாரு. 'இல்ல. இன்னிக்கு மத்தியானம்தான்'னாரு."

நானும் அவள் பக்கத்தில் வாசற்படியில் உட்கார்ந்தேன்.

"வழியெல்லாம் பின்னாடி ஏதோ சுரண்டுற சத்தம் கேட்டுச்சுங்க" என்றாள் ராட்மிலா. "சாமான் ஆடுதுன்னு நெனச்சோம். வீட்டுக்கு வந்து போர்வையப் பிரிச்சா... ஒரு கை மட்டும் வெளியில இருந்துச்சு. நகமே இல்ல."

வண்டியை இரும்புக் கடையில் போட்டு, அது நசுங்கித் தகடாகும்வரை நின்று பார்த்துவிட்டு வந்தேன். துண்டை எரித்தேன். அதோடு முடிந்தது என்று நினைத்தேன்.

இஸ்க்ரா இப்போது நன்றாக இருக்கிறாள். பள்ளிக்கூடம் போகிறாள். ஆனால் போர்வையைக் கழுத்துவரை இழுத்துப் போர்த்திக்கொண்டு தூங்குகிறாள். இந்தக் கோடையில் வீடே அடுப்பாகக் கொதிக்கிறது. அவள் அறை ஜன்னலைத் தினமும் நான் திறந்துவைக்கிறேன். திரும்பி வந்து பார்த்தால் மூடியிருக்கிறது.

"நீ மூடுனியாடா?"

"நான் இல்லம்மா. எனக்கு எட்டாதே."

உண்மைதான். ஜன்னல் கொக்கி என் தலைக்கு மேல் இருக்கிறது. நேற்று நாற்காலி போட்டு ஏறிப் பார்த்தேன். கொக்கியைச் சுற்றி வெள்ளை வர்ணம் கீறிக் கிடக்கிறது. மெல்லிய, நெருக்கமான கீறல்கள்.