கதவடிக் கோடு

கார்பெட் ஓரத்தில் படியும் கறுப்புக் கோட்டை எடுப்பதுதான் என் தொழில் என்றால், அப்படியும் ஒரு தொழில் உண்டா என்று கேட்பார்கள். என் மனைவி ராஜேஸ்வரியைக் கடைசியாக உயிரோடு பார்த்த அன்றும் அந்த வேலையை முடித்துவிட்டுத்தான் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். கண்டியில் பின்னேர மழை இறங்குகிற நேரம். ராஜி தலையணையில் சாய்ந்து, ஹந்தானை மலைப் பக்கம் இருட்டிக்கொண்டு வருவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மூச்சு இழுப்பு அன்று குறைந்திருந்தது. "ரூம் ஜன்னல சாத்திட்டீங்களா? மழ வருதே" என்றாள். எங்கள் அறை ஜன்னலின் கொக்கி சரியில்லை, சாரல் உள்ளே அடிக்கும். "ஜன்னலையும் சாத்திட்டேன், கதவையும் சாத்திட்டேன்" என்றேன். "அப்ப சரி" என்றாள். பார்க்க வந்தவர்கள் போகவேண்டும் என்று மணி அடித்தார்கள். எழுந்து வந்துவிட்டேன். மறுநாள் காலை ஆள் வந்து சொன்னார்கள்.

செத்த வீட்டன்று சேலை எடுக்கப் பெண்கள் ஒரு தரம் அந்த அறைக்குள் போய்வந்து மறுபடி சாத்தினார்கள். அதோடு சரி. என் கட்டிலும் துணிமணியும் அவள் நோயாக இருந்தபோதே முன்னறைக்கு வந்துவிட்டன. அதனால் கதவைத் திறக்க எனக்கு அவசியம் வரவில்லை என்று சொல்லிக்கொண்டேன். வருஷங்கள் போயின. பிறகு நாவலப்பிட்டியில் கட்டிக்கொடுத்த, டீச்சராக இருக்கும் மகள் கமலாவுக்குக் கண்டிப் பள்ளிக்கூடம் ஒன்றுக்கு மாற்றல் வந்தது. கைப்பிள்ளையோடு தங்க அவளுக்கு அந்த அறை வேண்டும். இல்லாவிட்டால், அப்பா இருக்கிற ஊரிலேயே வெளியில் வாடகைக்கு இருக்கவேண்டும். திறந்தேனா என்பதைக் கடைசியில் சொல்கிறேன். அதற்குமுன், வீட்டில் கார்பெட் போட்டு மாட்டிக்கொண்டவர்களும், முட்டி போட்டு வேலை செய்து இடுப்பு விட்டுப்போனவர்களும் கொஞ்சம் பக்கத்தில் வந்து உட்காருங்கள். நம் கஷ்டம் நமக்குத்தான் தெரியும்.

மகாவலி உள்ளே வந்தது

கண்டி ஏரிக்கு மேலே இருந்த ஒரு ஹோட்டலில் அறை துப்புரவு செய்யும் ரூம் போயாகச் சேர்ந்தேன். ஹுன்னஸ்கிரிய தேயிலைத் தோட்டத்து லய வீட்டில் சாணி மெழுகிய தரையில் நடந்து வளர்ந்தவன் நான். சுவரிலிருந்து சுவர் வரை கம்பளி விரித்த அறையை மிதிக்கவே எனக்குக் கூச்சமாக இருந்தது. அந்த அறையின் ஓரத்தில், பென்சிலால் இழுத்தது போல ஒரு கறுப்புக் கோடு சுற்றி ஓடியது. எனக்கு முன்னால் இருந்தவன் ஓரத்தை விட்டுவிட்டுக் கூட்டியிருக்கிறான் என்று மனதுக்குள் திட்டினேன்.

ஒரு வாளி சவர்க்காரத் தண்ணீரும் தும்பு பிரஷும் எடுத்துவந்து தோள் வலிக்கும்வரை தேய்த்தேன். மெல்லிய கோடு உள்ளங்கை அகலத்துக்குப் பரவியது. தண்ணீர் கார்பெட்டின் அடிக்குப் போய், வெளியே வராந்தாவில் எட்டிப் பார்த்தது. சுப்பவைசர் சிவராசா அண்ணன் யாழ்ப்பாணத்துக்காரர், சத்தம் போடத் தெரியாதவர். கால் நனையாமல் வாசலிலேயே நின்று பார்த்துவிட்டுச் சொன்னார்: "தம்பி, கோட்டை நீர் அழிக்கேல்லை. மகாவலி ஆத்தைத் திருப்பி அறைக்குள்ள விட்டிருக்கிறீர்."

முட்டிக்கு மெத்தை

அந்தக் கோடு காலடி அழுக்கால் வருவதில்லை என்பது போகப் போகத்தான் பிடிபட்டது. அறைக் காற்று, சுவருக்கும் தரைக்கும் நடுவில் உள்ள இடுக்கு வழியாகவும் சாத்திய கதவின் அடி வழியாகவும் போய்வருகிறது. அதில் உள்ள புகையையும் தூசியையும் கார்பெட் பிடித்துக்கொள்கிறது, தேத்தண்ணி வடிகட்டியில் சாயம் பிடிப்பது போல. முதலில் தண்ணீர் காட்டக்கூடாது. குறுகின வாய் வைத்த வெக்கியூமால் காய்ந்த தூசியை உறிஞ்ச வேண்டும். பிறகு பல் விளக்கும் பிரஷ், வெதுவெதுப்பான தண்ணீரில் துளி சவர்க்காரம், வெள்ளைத் துணி. தேய்க்காமல் ஒற்றி ஒற்றி எடுக்க வேண்டும். இதையெல்லாம் நின்றுகொண்டு செய்ய முடியாது. அறையைச் சுற்றி முட்டி போட்டே நகர வேண்டும்.

என் முட்டி வீங்கியதைப் பார்த்து ராஜி பழைய கார்பெட் துண்டில் இலவம்பஞ்சு அடைத்து, சேலைக் கரையில் நாடா வைத்து, இரண்டு மெத்தை தைத்துக் கொடுத்தாள். அதைக் கட்டிக்கொண்டு நான் நகர்வதைப் பார்த்து, கூட வேலை செய்த மரியதாஸ், "அண்ணே, நான் கோயில்ல முட்டி போடுறதவிட நீங்க ஹோட்டல்ல போடுறதுதான் ஜாஸ்தி. மோட்சத்துக்கு நீங்கதான் மொதல்ல போவீங்க" என்றான். வீட்டுக்கு வந்து ராஜியிடம் சொன்னேன். அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள், திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "போறதுன்னா முன்னாடியே சொல்லிட்டுப் போங்க. நான் ஒலை வைக்காம இருப்பேன்."

இரண்டு கதவு

ஹோட்டலை விட்டுச் சொந்தமாக வேலை எடுக்கத் தொடங்கிய காலம். அஸ்கிரிய பக்கம் ஒரு கடை முதலாளியின் வீடு. மாடியில் அடுத்தடுத்து இரண்டு அறைகள். ஒன்றின் கதவடியில் அழுத்தமான கோடு, மற்றதில் ஒன்றுமே இல்லை. நானும் தொழில் தெரிந்தவன் என்று காட்டிக்கொள்ளும் ஆசையில், "இந்த ஒரு கதவு மட்டும் எந்நேரமும் சாத்தியே இருக்கும் போல" என்று சொல்லிவைத்தேன். அது முதலாளி கோபித்துக்கொண்டு தனியாகப் படுக்கிற அறை என்று எனக்கு எப்படித் தெரியும்? முதலாளி பேப்பரைத் தூக்கி முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டார். அவர் மனைவி தேத்தண்ணித் தட்டோடு நின்றவர், அந்தப் பேப்பரைப் பார்த்துச் சொன்னார்: "எங்கம்மாகிட்ட கூட நான் சொல்லல. கார்பெட் சொல்லிருச்சு, பாத்தீங்களா?"

எங்கள் வீட்டுத் தரை

நான் ஹோட்டலில் இருந்த காலத்தில் அங்கே புதுக் கார்பெட் போட்டபோது பழையதை வேலைக்காரர்களுக்குக் கொடுத்தார்கள். ராஜி கேட்டாள் என்று மரூன் நிறத்தில் ஒரு பெரிய துண்டு வாங்கிவந்து, முன்னறையையும் எங்கள் அறையையும் சேர்த்து, நிலைப்படி வழியாக ஒரே விரிப்பாகப் போட்டேன். வந்து பார்த்த அக்கம்பக்கத்தார் எல்லாரும் செருப்பைப் படிக்குக் கீழேயே கழற்றினார்கள். ராஜிக்கு அதில் ரொம்ப சந்தோஷம்.

அஸ்கிரிய வீட்டுக் கதையைச் சொன்ன அன்று சிரித்துவிட்டு, எங்கள் நிலைப்படியில் குனிந்து தடவிப் பார்த்தாள். "நம்ம வீட்ல பொட்டுக்கூட இல்லியே?" என்றாள். கதவு திறந்து கிடந்தால் காற்று தாராளமாகப் போய்விடும், கார்பெட்டுக்கு வேலை இருக்காது என்றேன். கல்யாணமான நாளிலிருந்து அந்தக் கதவை நாங்கள் சாத்தியதில்லை. சாத்தினால் அவளுக்கு மூச்சு முட்டும். நோயாகப் படுத்த பிறகு நான் முன்னறையில் படுத்துக்கொண்டு, திறந்த கதவு வழியாக அவள் மூச்சைக் கேட்டுக்கொண்டே தூங்குவேன். அஸ்கிரிய கதை சொன்ன அன்று அவள் நிலைப்படியிலிருந்து எழுந்து கையைத் தட்டிவிட்டுச் சொன்னது இது: "எனக்கு இழுப்பு இருக்கறதும் நல்லதுதான் போங்க. ஒங்களுக்கு வீட்லயும் வேல வைக்கல."

ஒரு வரிசை பின்னுக்கு

அலவத்துகொடப் பக்கம் ஒரு பள்ளிவாசலில் முன்சுவர் ஓரமாகக் கோடு. மதியம் லுஹர் தொழுகை முடிந்ததும் தொடங்கி, பின்னேரத்து அசர் தொழுகைக்குள் முடித்துத் தருவதாகப் பொறுப்பெடுத்தேன். கோடு நன்றாகவே போனது. ஆனால் அன்று காலையிலிருந்து தூறல். காற்றில் இருந்த ஈரத்தை நான் கணக்கில் எடுக்கவில்லை. மின்விசிறிகளை எல்லாம் போட்டும் ஓரம் காயவில்லை. பாங்கு சொல்லிவிட்டார்கள். ஆட்கள் கை கால் கழுவி வுழூ செய்து வரத் தொடங்கிவிட்டார்கள். முன்வரிசை நிற்கவேண்டிய இடம் சொதசொதவென்று கிடக்கிறது.

வேலை கொடுத்த ஹாஜியாரிடம் போய், "மன்னிச்சுக்குங்க ஹாஜியார், காயல" என்றேன். அவர் ஓரத்தைத் தொட்டுப் பார்த்தார். என் முட்டி மெத்தையைப் பார்த்தார். பிறகு என் தோளில் கை வைத்தார். "ஒரு வரிச பின்னுக்கு நிண்டா அல்லாஹ்வுக்குக் கேக்காம போகுமா? பதறாம நீங்க மொதல்ல போய் ஒரு தேத்தண்ணி குடிங்க."

சாம்பிராணி

டவுனில் ஒரு நகைக்கடை. வெள்ளிக்கிழமை தவறாமல் சாம்பிராணி போடுவார்கள், கண் எரியும். வேறெங்கும் பார்க்காத கறுப்பு அந்தக் கார்பெட் ஓரத்தில். எடுத்த கோடு மறுபடி மறுபடி வந்தது. புகையைக் கொஞ்சம் குறைத்தால் நல்லது என்று மெதுவாகச் சொல்லிப் பார்த்தேன். முதலாளி கல்லாவில் இருந்து எழுந்தே வந்துவிட்டார். "சாமிக்கும் கார்பெட்டுக்கும் சண்டன்னா நான் சாமி பக்கம். நீங்க கார்பெட் பக்கமே நில்லுங்க, ஒங்களுக்கும் பொழப்பு நடக்கும்."

மழை

கமலா போன மாசம் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ரயிலில் வந்து இறங்கினாள். அவள் வருவதற்கு முந்தின நாள் முன்னறையைச் சுத்தம் செய்தபோதுதான், சாத்திய கதவுக்குக் கீழே கோடு விழுந்திருப்பதைச் சரியாகப் பார்த்தேன். பார்த்தேன் என்றால், முன்பும் பார்த்திருக்கிறேன், நிற்காமல் போயிருக்கிறேன். கதவுக்கு நேர் அடியில் இருக்கிற கோட்டைக் கதவைத் திறக்காமல் எடுக்க முடியாது.

உள்ளே ராஜி இழுப்புக்குத் தடவிய தைலத்தின் வாசம் இருக்கிறது, கதவைத் திறந்தால் போய்விடும் என்றுதான் இத்தனை நாளும் இருந்தேன். ஆனால் காற்று போகாத இடத்தில் கோடு விழாது. இதை எத்தனை வீட்டில் சொல்லியிருக்கிறேன். அந்தக் கோட்டின் முன்னால் குந்தியிருந்து, உள்ளே இருந்தது இத்தனை வருஷமும் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வந்து, நான் படுத்திருந்த முன்னறை வழியாகவே போயிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

கமலா பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு கதவுக்கு முன்னால் நின்றாள்.

"இப்ப என்னப்பா செய்றது? வாடக ரூம் ஒண்ணு பாத்து வச்சிருக்கேன். நீங்க ஒரு வார்த்த சொல்லுங்க, அங்க போறேன். கோவிச்சுக்க மாட்டேன்."

"அங்க எதுக்கும்மா..."

"அப்ப ஏன் தெறக்க மாட்டேங்கிறீங்க?"

அதுவரை யாரிடமும் சொல்லாததைச் சொன்னேன். "ஒங்கம்மா சாத்திட்டீங்களான்னு கேட்டா. சாத்திட்டேன்னேன். சரின்னா. அவ்வளவுதான் பேசினோம்."

"எதுக்குச் சாத்திட்டீங்களான்னு கேட்டாங்க?"

"மழ வருதுன்னு."

கமலா முன்வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தாள். வெளியே வெயில் அடித்துக்கொண்டிருந்தது. பிள்ளையை ஒரு தோளிலிருந்து மறு தோளுக்கு மாற்றிக்கொண்டு சொன்னாள்: "மழ விட்டுருச்சுப்பா."

கதவு நிலையோடு இறுகியிருந்தது, தோள் கொடுத்துத்தான் தள்ளினேன். தைல வாசம் இல்லை. அடைத்துக் கிடந்த அறையின் மர வாசம்தான் இருந்தது. கமலா ஜன்னலைத் திறந்தாள், பழைய கொக்கி கையோடு வந்தது. ராஜியின் கட்டிலைத் துடைத்து, பிள்ளையை அதில் கிடத்தினாள். நான் ராஜி தைத்த மெத்தைகளை முட்டியில் கட்டிக்கொண்டு நிலைப்படியில் உட்கார்ந்தேன். முதலில் வெக்கியூம், பிறகு பிரஷ், பிறகு வெள்ளைத் துணி. துணியில் சாம்பல் நிறம் ஏறிக்கொண்டே இருந்தது. பின்னேரமானபோது நிறுத்திக்கொண்டேன்.

இத்தனை வருஷத் தொழிலில் முழுதாகப் போன கோடு ஒன்றையும் நான் பார்த்ததில்லை. திறந்து கிடக்கிற எங்கள் கதவின் அடியில் ஒரு நூல் அகலத்துக்கு அது இன்னும் இருக்கிறது.