கரெக்ட் சிஸ்டர்

"உப்பு கரெக்டா இருக்கா?" என்று கணவர் கேட்டால், சிஸ்டர் ஒரு கவளத்தை நிதானமாக மென்று விழுங்கிவிட்டு, "சாப்பிடலாம்" என்பார். சட்டை தோளில் கரெக்டாக உட்காருகிறதா என்றால், "உட்காருது." மகள் கணக்குப் பரீட்சை விடைகளை ஒப்பித்த காலத்தில்கூட, "ம்... மேல சொல்லு" என்பதோடு சரி. கைக்கடிகாரம் பழுதுபார்க்கும் கணவருக்கு இதில் தீராத மனத்தாங்கல். "இருபத்தெட்டு வருஷமாக் குடும்பம் நடத்துறேன். நான் கரெக்ட்னு ஒரு தடவ இவ வாயால வந்ததில்லைங்க!" என்று கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் புலம்புவார். புலம்பல் என்று பெயர்தான். சொல்லும்போது முகத்தில் பதக்கம் வாங்கியவரின் களை.

மனைவி ஆபரேஷன் தியேட்டர் நர்ஸ். 'கரெக்ட்' என்பது ஊரெல்லாம் வாரி இறைக்கிற சொல். பேச்சுக்குத் தலையாட்ட ஒரு கரெக்ட். பஸ் நேரத்துக்கு வந்துவிட்டால் ஒரு கரெக்ட். யாரையாவது காக்காய் பிடித்துக் காரியம் முடித்தால், 'ஆளைக் கரெக்ட் பண்ணியாச்சு.' இவரிடம் அதற்கு ஒரே ஒரு வேலை. வயிற்றைத் தைத்து மூடும் முன், ரத்தம் ஒற்றி வாளியில் போட்ட துணிகளை எண்ணுவார். மாப் என்று அங்கே பெயர். கொடுத்ததும் திரும்பியதும் ஒத்துப்போனால், "கரெக்ட்." அதற்கப்புறம்தான் தையல். கரெக்ட் சிஸ்டர் என்ற பெயர் வந்ததும் அப்படித்தான்.

இத்தனை கறாரான மனுஷி வீட்டுச் சாவியைத் தினமும் தேடுவார். குடை வாங்கிக் கொடுத்தே கணவர் ஓய்ந்துபோனார். சொந்த வயதைக் கேட்டால் மகளைத் திரும்பிப் பார்ப்பார். "எல்லாத்தையும் ஞாபகம் வச்சுக்க நான் என்ன கம்ப்யூட்டரா?"

போன வாரம் புது டாக்டர் ஒருவர். கைவேகத்துக்குப் பேர்போனவர். கொடுத்த மாப் இருபது. சிஸ்டர் எண்ணினார், இருபத்தொன்று வந்தது.

"ஒண்ணு கூட இருக்கு, டாக்டர்."

"கூடத்தானே? குறைஞ்சாத்தான் பயப்படணும். கரெக்ட்னு சொல்லுங்க, மூடிடலாம்."

"கூடினாலும் அது கரெக்ட் இல்ல."

"பாக்கெட்லயே ஒண்ணு அதிகமா வந்திருக்கும், சிஸ்டர்."

"பிரிச்சு எண்ணினது நான். இருபதுதான்."

"இங்க நான் டாக்டரா, நீங்க டாக்டரா?"

"நீங்கதான் டாக்டர். எண்ணுறது நான்."

மயக்க மருந்து டாக்டர் கடிகாரத்தைப் பார்த்து, "இன்னும் எவ்வளவு நேரம் தூங்க வைக்கணும்னு சொன்னா நல்லாருக்கும்" என்று இழுத்தார்.

"அஞ்சே நிமிஷம் சார்," என்றார் சிஸ்டர். "பாவம், இந்தம்மா வீட்டுல எங்க இப்படித் தூங்கியிருக்கப் போறாங்க!"

அதற்குள் மண்டியிட்டு, வாளியில் கிடந்தவற்றைத் தரையில் போட்ட பிளாஸ்டிக் ஷீட்டில் ஒவ்வொன்றாகப் பிரித்துப் பரப்பியிருந்தார். பத்தொன்பது துணிகள் ஈரச் சிவப்பு. வாளியின் அடியில் ஒட்டிக் கிடந்த இரண்டு மட்டும் பழுப்பேறி, ஓரம் விறைத்துப் போயிருந்தன.

"இது ரெண்டும் காலைல நடந்த ஆபரேஷனோடது. வாளியைக் கொட்டாம விட்டுட்டாங்க. ஆரம்பிக்கும்போதே பாக்காதது என் தப்பு." அந்த இரண்டையும் தனியே ஒதுக்கிவிட்டு எழுந்து நின்றார். குரல் உயரவில்லை. "அது ரெண்டும் போனா நம்மளோடது பத்தொம்போதுதான். ஒண்ணு உள்ள இருக்கு, டாக்டர்."

டாக்டரின் கை மறுபடி உள்ளே போனது. இந்த முறை வேகமில்லை. கல்லீரலுக்குப் பின்னாலிருந்து, ரத்தத்தில் ஊறிச் சதையோடு சதையாக நிறம் கலந்துபோயிருந்த ஒரு துணி வந்தது. அதைத் தட்டில் போட்டுவிட்டு, ஊசியைக் கையில் எடுத்தார்.

"இப்ப கரெக்டா, சிஸ்டர்?"

சிஸ்டர் அந்தத் துணியையும் வாங்கி வரிசையின் கடைசியில் விரித்தார். பிறகு வரிசையின் தலைமாட்டுக்குப் போய், விரலை நீட்டி, முதலிலிருந்து ஆரம்பித்தார்.

"ஒண்ணு... ரெண்டு..."

டாக்டர் ஊசியைத் தட்டில் திரும்ப வைத்துவிட்டு, இரண்டு கைகளையும் மார்போடு கோத்துக்கொண்டு நின்றார்.