பூசணிக்காய் உடைக்க வந்தவர்கள்

மரக்காணம் கடைத்தெருவில் மருந்துக்கடைக்கு மேலே ஒரு மாடி அறை. அங்கேதான் டாக்டரம்மா மனநோய்க்கு வைத்தியம் பார்த்தார். உப்பளத்தில் வேலை செய்த என் அப்பா, காலெல்லாம் வெடிப்போடு, என் கையைப் பிடித்து அந்தப் படிகளில் இழுத்துக்கொண்டு போனது இன்னும் கண்ணிலேயே இருக்கிறது.

"எம் புள்ளைய சரி பண்ணிக் குடுங்கம்மா, பொம்பள மாதிரி நடக்கிறான்" என்று கும்பிட்டார். டாக்டரம்மா அவரை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு, "உன்னை எப்படிக் கூப்பிடட்டும்?" என்று என்னிடம் கேட்டார். யாருமே கேட்டிராத கேள்வி. பதில் பல வருடமாக நெஞ்சிலேயே இருந்தது, கேட்டதுமே அழுதுவிட்டேன். பிறகு டாக்டரம்மா அப்பாவைக் கூப்பிட்டு, "தூங்காம, பயந்துபோய்க் கெடக்குது. அதுக்கு மருந்து தர்றேன். பொண்ணா இருக்கிறதுக்கு மருந்து கிடையாதுங்க, அது நோவே இல்ல" என்றார். அப்பா அதற்கப்புறம் அந்தப் படி ஏறவில்லை. நான் ஏறினேன். என்னைப் பார்த்து மற்ற திருநங்கைகளும் ஏறினார்கள்.

எங்கள் ஊர் ஜனம் விசித்திரமானது. பஸ்ஸில் என் பக்கத்து சீட் காலியாகவே வரும். கடை திறப்பு என்றால் மட்டும் என் கை ராசியான கை. அந்த மாடியிலும் அப்படித்தான், நான் உட்கார்ந்தால் குழந்தையை நீட்டி ஆசீர்வாதம் கேட்பார்கள். டாக்டரம்மா கதவைத் திறந்துகொண்டு வந்து, "இங்க அவங்க பேஷண்ட். உடம்பு சரியில்லாம வந்திருக்காங்க, சும்மா விடுங்க" என்பார். அந்த ஒரு வார்த்தைக்காகவே நான் அங்கே போனேன் என்றுகூடச் சொல்வேன். நாங்கள் வந்துபோனதால் வசதியான குடும்பங்கள் வருவது நின்றுபோனது. 'அதுங்க டாக்டர்' என்று அவருடைய சொந்தக்கார ஆட்களே கேலி செய்தார்கள். அவர் செத்தபோது அந்த ஆட்கள்தான் மாலையோடு முன்வரிசையில் நின்றார்கள். எங்களைத் தெருமுனையிலேயே நிறுத்திவிட்டார்கள்.

போன மாதம் டாக்டரம்மாவின் மகன் போன் செய்தார். அவரும் மனநல டாக்டர். அதே மாடியைக் கண்ணாடியும் ஏசியுமாக மாற்றியிருக்கிறார். "திறப்பு விழாக்கா, நீங்கதான் வந்து பூசணிக்காய் சுத்தி உடைக்கணும்" என்றார். டாக்டரம்மா இருந்தால் இவரை என்ன சொல்லியிருப்பார் என்று நினைத்துக்கொண்டேதான் போனேன். போனதற்கு ஒரே காரணம் என்னோடு தங்கியிருக்கிற திருநங்கை செல்வி. வீட்டார் அடித்துத் துரத்தியதிலிருந்து அவள் சரியாகச் சாப்பிடுவதில்லை, பேசுவதில்லை. செத்துப்போகலாமா என்று ஒரு தடவை கேட்டாள். இந்தக் கரையில் எங்களை உட்காரவைத்துக் கேட்க வேறு டாக்டர் கிடையாது. டாக்டரம்மாவின் மகன் பார்க்காமல் விடுவாரா என்று அவளையும் கூட்டிப் போனேன்.

"ரெண்டு பேரா வந்துட்டீங்களா, ரொம்ப நல்லது" என்று பூசணிக்காயை அவள் கையில் கொடுத்தார்கள். சுற்றி உடைத்தாள். போட்டோ எடுத்தார்கள். நானும் வாயார, கூட்டம் கூட்டமாகப் பேஷண்ட் வரட்டும் என்று வாழ்த்தினேன். எல்லாம் முடிந்ததும் மகனைத் தனியே அழைத்து விஷயத்தைச் சொன்னேன்.

அவர் செல்வியைப் பார்த்தார், பிறகு புது சோபாக்களைப் பார்த்தார். "பாண்டிச்சேரி பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்கக்கா. இங்க ஃபேமிலியா வருவாங்க, அவங்களுக்குச் சங்கடமா இருக்கும். தப்பா எடுத்துக்காதீங்க."

தப்பாகத்தான் எடுத்துக்கொண்டேன். வாழ்த்தைத் திரும்ப வாங்க ஒரு வழி இருந்தால் அங்கேயே வாங்கியிருப்பேன்.

பாண்டிச்சேரி பஸ்ஸில் செல்வி ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டாள். ஊர் தாண்டியதும் கேட்டாள்: "ஏன்க்கா, அங்கயும் மொதல்ல எதையாச்சும் உடைக்கச் சொல்லுவாங்களா?"