பேட்டரிக்குச் சூடம் காட்டிய நாள்

எழுபதுகளில் வடக்கே ஓர் அணுமின் நிலையத்தில் கேஸ் பிரிவில் டெக்னீஷியனாக இருந்தேன். ஊரில் என்னை அணுகுண்டு செய்கிறவன் என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள். நானும் மறுக்கவில்லை. உண்மையில் என் வேலை பயப்படுவது. உலைக்குள் கதிர்வீச்சு படப்படத் தண்ணீர் உடைந்து ஹைட்ரஜனும் ஆக்ஸிஜனுமாகப் பிரியும். இரண்டும் குழாயில் எங்காவது ஒரு மூலையில் தேங்கி, ஒரு பொறி கிடைத்தால் தீர்ந்தது. ஹைட்ரஜனுக்கு நிறம் கிடையாது, வாசனை கிடையாது. காற்றில் நூற்றுக்கு நாலு பங்கு சேர்ந்தாலே பற்றிக்கொள்ளும். குழாயைத் திறக்குமுன் நைட்ரஜனை ஊதி உள்ளே இருப்பதை விரட்ட வேண்டும். பொறி பறக்காதிருக்கப் பித்தளை ஸ்பேனர்தான் பிடிக்க வேண்டும். இதையே மூன்று வருடம் கேட்டால் மனுஷன் என்ன ஆவான்? லீவில் வந்தபோது, அம்மா ஸ்டவ் பற்றவைக்குமுன் வீட்டு ஜன்னல்களையெல்லாம் நான் திறந்துவைப்பேன். அது மண்ணெண்ணெய் ஸ்டவ் என்பது எனக்கும் தெரியும்.

அந்த லீவே எனக்குப் பெண் பேசி முடிக்கத்தான். அருப்புக்கோட்டையில் திருச்சுழி ரோட்டில் பேட்டரி சார்ஜ் கடை வைத்திருந்த ஒன்றுவிட்ட மாமாவின் மகள். ஆயுத பூஜையன்று கடையில் வைத்தே தட்டு மாற்றலாம் என்று மாமா சொல்லியனுப்பினார். பெண்ணைக் கல்யாண வீடுகளில் இரண்டு முறை பார்த்திருக்கிறேன். மூன்றாவது முறை பார்க்கிற ஆசையில் விடியற்காலையிலேயே சட்டைக்கு இஸ்திரி போட்டுவிட்டேன்.

கடைக்குள் நுழைந்ததும் பெண்ணைத் தேடவில்லை, திறந்த ஜன்னலைத் தேடினேன். மற்றவர்கள் ஆயுத பூஜைக்குத் தொழிலை நிறுத்துவார்கள். மாமாவுக்கு அது ஆகாது. காலி பேட்டரியைச் சாமி முன்னால் வைப்பது வெறும் பானையை வைப்பதுபோல என்பது அவர் கட்சி. அதனால் முந்தின நாளிலிருந்தே அத்தனைக்கும் சார்ஜ் ஏறிக்கொண்டிருந்தது. லாரி, பஸ், டிராக்டர் பேட்டரிகள் மூடிகளைத் திறந்துபோட்டு, சந்தனம் குங்குமம் வைத்துக்கொண்டு, சோறு பொங்குவதுபோலக் கொப்பளித்தன. ஆசிட் நெடி. வெளியே மழைக்காற்று. காற்றில் சூடம் அணைந்தால் சகுனத்தடை என்று கதவையும் ஜன்னலையும் இறுக்கி அடைத்திருந்தார்கள்.

பேட்டரிக்குள் கரண்டு தண்ணீரை உடைத்தாலும் வருவது அதே ஹைட்ரஜன்தான். எங்கள் நிலையம் இத்தனை கோடி செலவழித்து எதைத் தடுக்கப் பாடுபட்டதோ, அதை மாமா பொரி கடலையோடு தயாரித்து வைத்திருந்தார்.

மாமா தட்டில் சூடத்தை ஏற்றி, முதல் பேட்டரியின் மேல் குனிந்தார்.

அதற்குப் பிறகு நடந்ததற்கு நான் பொறுப்பல்ல, என் கால்கள்தான் பொறுப்பு. தட்டைப் பிடுங்கினேன், கதவை உதைத்துத் திறந்தேன், எரிகிற சூடத்தோடு தெருவுக்கு ஓடினேன். எதிரே டீக்கடையில் மழைக்கு ஒதுங்கி நின்றவர்கள் நான் அவர்களுக்குத்தான் கொண்டுவருகிறேன் என்று எண்ணி, வரிசையாகத் தீபத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். ஒருவர் பத்துப் பைசா போட்டார். தட்டு சுட்டது. ஆனாலும் பக்தர்களை நடுவில் விட முடியவில்லை.

மாமா வாசலுக்கு வந்தார். கேஸ் விஷயத்தைச் சொன்னேன்.

"இருவது வருசமா காட்டுறேன் மாப்ளே. வெடிச்சிருந்தா ஒனக்குப் பொண்ணு குடுக்க நான் இருப்பனா?"

நூற்றுக்கு நாலு பங்கு என்றேன்.

"நாலா? நீ எண்ணிப் பாத்தியாக்கும்."

கூட வந்திருந்த என் அம்மாவிடம் திரும்பி, பையனை மதுரையில் யாராவது நல்ல டாக்டரிடம் காட்டிவிட்டுப் பிறகு பேசலாம் என்றார். அம்மா வெற்றிலைத் தட்டை மடியில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்த பார்வை பற்றிக்கொள்ள ஹைட்ரஜனே தேவைப்படவில்லை. கல்யாணம் போயிற்று என்று எனக்கே தெரிந்துவிட்டது.

அப்போது உள்ளிருந்து பெண் வந்தாள். யாரையும் பார்க்காமல் நேரே போய் ஜன்னலைத் திறந்தாள். சார்ஜ் போர்டின் சுவிட்சை அணைத்தாள்.

"அய்யா, போன தையில எம்புருவம் கருகுனது அடுப்புலன்னுதானே ஊருக்குச் சொன்னீக?"

மாமா வேட்டியை அவிழ்த்து மறுபடி கட்டினார்.

"ஆசிட் மட்டம் தெரியலன்னு பேட்டரி மேல தீக்குச்சியக் கிழிச்சுக் காட்டுனது நீங்கதானே? டப்புன்னுச்சா இல்லையா?"

அது சும்மா பட்டாசு மாதிரி என்று மாமா முணுமுணுத்தார்.

"பயந்தாங்கொள்ளியா இருந்தா இருந்துட்டுப் போறாக. இவுக வீட்டுக்குப் போனா புருவமாச்சும் மிஞ்சும்."

 மாமா புதுச் சூடம் எடுத்துக்கொண்டு, எவ்வளவு தூரத்தில் நின்று காட்டலாம் என்று என்னைக் கேட்டார். இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று பின்னால் போகச் சொல்லிச் சொல்லி, ரோட்டைத் தாண்டி டீக்கடைக்கே கொண்டுபோய்விட்டேன். அங்கிருந்தபடி அவர் தன் பேட்டரிகளுக்குச் சூடம் காட்டினார். நடுவே ஒரு டவுன் பஸ் போனது. டிரைவர் கும்பிட்டுவிட்டுப் போனார்.

தட்டு மாற்றியதும் அந்த டீக்கடை பெஞ்சில்தான். கேஸ் வெளியேற ஒரு மணி நேரமாவது ஆகும், அதுவரை உள்ளே வரமாட்டேன் என்று நான் சொல்லிவிட்டேன்.